ஈஜோக் தோட்டத்தில் பிங்க் ஃபிளாய்ட்

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் ஆங்கில ராக் இசையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கழகத்து அண்ணன் ஒருவரே, "உனக்கு வேற தலைப்பு கிடைக்கலையா?" என்று கேட்டார். வேறு தலைப்புகள் இருக்கவே செய்தன. ஆனால் கடந்த ஓராண்டாக என் காதில் குடியிருக்கும் இந்த இசை, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னை எங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்து விட்டது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் கோலசிலாங்கூர் மாவட்டத்து ஈஜோக். 2007-ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது நாடே எங்கள் ஊரின் பெயரை உச்சரித்தது. அதன் பிறகு மறந்துவிட்டது. சுற்றிலும் செம்பனை. நாங்கள் கேட்டு வளர்ந்தவை திரைப்பாடல்களும் மின்னல் எஃப்எம்மும் திருவிழாக் காலத்து உறுமி மேளமும்தான். ராக் என்றால், பக்கத்துக் கம்பத்து அண்ணன்கள் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டே கேட்ட 'சர்ச்', 'விங்ஸ்' குழுக்களின் மலாய்ப் பாடல்கள். புரோகிரசிவ் ராக் என்ற ஒன்று இருப்பதே பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பிறகுதான் அறைத்தோழன் வழியாகத் தெரிந்தது.

இதை 'முற்போக்கு ராக்' என்று மொழிபெயர்த்தால் நமக்கு அரசியல் மேடை நினைவுக்கு வரும். ஆகவே சுருக்கமாக 'புரோக்' என்றே சொல்கிறேன். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடக் காதல் பாட்டு போதவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருக்கும்போது, அத்தனையையும் ஒரே பாட்டாக ஏன் பாடக்கூடாது என்று நினைத்தார்கள். மேற்கத்தியச் செவ்விசை, ஜாஸ், நாட்டுப்புற இசை என எல்லாவற்றையும் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள்.

1969 அக்டோபரில் வெளிவந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' என்ற தொகுப்பைப் பலரும் இதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு அது. அதன் அட்டையில் அலறும் முகத்தை வரைந்த பேரி கோட்பர் 1970-இல், 24 வயதில் இறந்துபோனார். பாடல்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வயலின் கூட்டமே வாசிப்பதுபோல் கேட்கும். உண்மையில் அது மெல்லோட்ரான் என்ற கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டு இருக்கும். அழுத்தினால் எட்டு விநாடி அளவுக்கு ஒலிக்கும், பிறகு விரலை எடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த எட்டு விநாடிக்குள் மூச்சு முட்டுவதுபோன்ற ஓர் ஏக்கம் அதன் ஒலியில் உண்டு.

அடுத்து 1972-க்கு வந்தேன். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' தொகுப்பில் மூன்றே பாடல்கள். தலைப்புப் பாடல் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' அதையும் மிஞ்சியது. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, உறையோ ஒரு செய்தித்தாள்! ராக் மேடையில் ஒற்றைக் காலில் நின்று இயன் ஆண்டர்சன் வாசிக்கும் புல்லாங்குழலும் அதில் உண்டு. அதே ஆண்டு ஜெனசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' வந்தது. 23 நிமிடம். முதல்முறை கேட்டபோது எங்கே போகிறது என்றே புரியவில்லை. நான்காம் முறை கேட்கும்போது, ஊர்ப் பாதைபோல் ஒவ்வொரு வளைவும் பழகியிருந்தது.

எனக்குப் பிடி கிடைத்த இடம் தாளம். 1973-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் 'மணி' என்றொரு பாடல். கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமும் சேர்ந்து தாளமாகத் தொடங்கும். காலைத் தட்டிக்கொண்டே கேட்டால், எண்ணிக்கை நாலில் நிற்காமல் நழுவும். விரல்விட்டு எண்ணினேன். ஏழு! நம் மிஸ்ர சாபு தாளத்தின் எண்ணிக்கை. 'தகிட தகதிமி' என்று சொல்லிக் கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் உடனே கையில் போட்டுவிடுவார்கள். 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒரு பகுதி ஒன்பதில் ஓடுகிறது. மேற்கில் இவற்றைக் கடினமான கணக்கு என்கிறார்கள். நமக்கோ அது பாட்டன் வீட்டுச் சொத்து.

நம்மவர்களும் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார்கள். ஜான் மெக்லாஃப்லின் என்ற இங்கிலாந்துக் கித்தார் கலைஞர், எல். சங்கர், ஜாகிர் உசேன், 'விக்கு' விநாயக்ராம் ஆகியோருடன் அமைத்த 'சக்தி' குழுவின் முதல் தொகுப்பு 1976-இல் வந்தது. அதில் ஒரு பாடல் 29 நிமிடம்! கடத்தின் ஒலியை அமெரிக்க மேடையில் மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்பதை அதில் கேட்கலாம். வயலின் வாசித்த சங்கர் குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். பிறகு ஜெனசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' (1989) தொகுப்பிலும் வாசித்தார். 1986-இல் இளையராஜா தந்த 'ஹவ் டு நேம் இட்?' தியாகராஜருக்கும் பாஃக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. திரைப்படம் இல்லாமல், பாடல் வரி இல்லாமல், ஒரு தொகுப்பு முழுவதையும் உட்கார்ந்து கேட்கும்படி அவர் நம்மையும் அழைத்தார்.

இத்தனையும் அறிவுக்குப் பிடித்திருந்தது. நெஞ்சுக்குள் இறங்கியது வேறொரு நாளில்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். 'டார்க் சைட்' தொகுப்பின் ஐந்தாம் பாடலைக் கைப்பேசியில் போட்டிருந்தேன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்பது அதன் பெயர். தொடக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ பேசுவார். பிறகு ஒரு பெண் குரல். சொல்லே இல்லை, அலறி, உடைந்து, தணிந்து, முனகி முடிகிறது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தினார்.

"யாருய்யா செத்துப் போனாங்க? அந்தப் பொண்ணு இப்படி அழுவுது!"

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அது சாவைப் பற்றிய பாடல்தான். 1972-இல் மேடையில் வாசித்தபோது அதன் பெயரே மரணத்தைக் குறித்தது. ஒரு நிமிடத்தில் பாட்டி கண்டுபிடித்துவிட்டார்.

பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது பவுன் கூலிக்கு வந்து பாடிவிட்டுப் போனார். வரியும் கிடையாது, மெட்டும் கிடையாது; அங்கேயே அவராக உருவாக்கியது. தட்டின் உறையில் பாடியவர் என்று அவர் பெயர் இருந்தது. ஆனால் அந்த இசையைப் படைத்தவர்களில் அவரும் ஒருவர் என்ற பெயரைப் பெற 2004-இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2005-இல் உடன்பாடு ஏற்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் பாட்டியைத்தான் அழைப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கை, பெற்ற பிள்ளைகள், வெட்டிய பால்மரம் எல்லாவற்றையும் அங்கேயே கட்டிப் பாடுவார். அவரும் யாரிடமும் கற்றதில்லை, எழுதி வைத்ததும் இல்லை. லயத்து வீடுகள் போய், குடும்பங்கள் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புஞ்சாக் ஆலம் என்று சிதறிய பிறகு அழைப்பும் குறைந்துவிட்டது. இப்போது சாவு வீட்டில் பாட்டுக்கும் ஒலிபெருக்கிதான்.

"எனக்காக ஒருமுறை பாடுங்க பாட்டி, பதிவு செய்யறேன்" என்றேன்.

"சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா, ஆகாது" என்று மறுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "வீட்டுக்குள்ள வேணாம், வெளியில வா" என்றார். வீட்டைத் தாண்டிச் செம்பனை மர வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். தம் தாயை நினைத்துப் பாடினார். அதில் கப்பல் வந்தது, இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போன விடியல் வந்தது, நான் பார்த்தேயிராத ஒரு பூட்டியும் வந்தார். பதினொரு நிமிடம். ஓரிடத்தில் சொல் தீர்ந்து வெறும் குரல் மட்டும் நீண்டது. ஓராண்டாக நீண்ட பாடல்களைக் கேட்டுப் பழகியிருந்ததால், அந்த இடத்தின் அருமை எனக்குப் பிடிபட்டது. நண்பர்களே, புரோக் இசை எனக்குத் தந்த உண்மையான பயிற்சி இதுதான்: இடையில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் கேட்பது.

புதிதாகக் கேட்க விரும்புவோருக்கு என் பரிந்துரை: முதலில் 'டார்க் சைட்'. 43 நிமிடம், பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும். பாடல்களை மாற்றாமல் வரிசையாகக் கேளுங்கள். அடுத்து 'சக்தி', பிறகு கிங் கிரிம்சன், யெஸ். முதல்முறை பிடிக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் கழகத்தில் தோட்டத்திலிருந்து வந்தவர்களும், தோட்டத்தில் தாத்தா பாட்டி உள்ளவர்களும் குறைவில்லை. ஒப்பாரியோ, தாலாட்டோ, உறுமிக்காரத் தாத்தாவின் அடியோ, அவர்கள் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பாட்டியின் பதிவுக்கு நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். பாடியவர் என்ற இடத்திலும் இயற்றியவர் என்ற இடத்திலும் அவர் பெயரே இருக்கிறது.