பதினாறுக்குப் பதினாறு

எங்களுடைய பழைய லினக்ஸ் கொம்பியூட்டரில் இடம் முடிந்துபோயிருந்தது. ஐகொன் தீமைத் திறந்தால் ஒரே படம் 16, 22, 32 என்று பிட்மெப்பாகவும், வெக்டராகவும் கிடந்தது. வெக்டர் எந்த அளவுக்கும் பொருந்தும்தானே என்று நாங்கள் பிட்மெப்புகளை அழித்துவிட்டோம். (மிச்சம் பிடித்த இடம் ஒரு படம் வைக்கவும் காணாது.)

பெரிய ஐகொன்கள் படு வடிவு. சின்னதில்தான் பிழைச்சுப் போச்சு. 16க்கு 16 என்றால் மொத்தமே 256 பிக்சல். மெல்லிய கோடு ஒன்று இரண்டு பிக்சலுக்கு நடுவில் விழுந்தால் இரண்டுமே மங்கிவிடும். சேமிக்கிறதும் அழிக்கிறதும் ஒரே அழுக்குப் பொட்டாகத் தெரிய, மாறி அமத்தினதில் நண்பியின் இரண்டு மணித்தியால எழுத்து போய்விட்டது. அவள் அன்று எங்களோடு கதைக்கேல்லை.

திரும்பப் போட்டபிறகுதான் அந்தச் சின்னப் படத்தைக் கிட்டப் பார்த்தோம். பெரியதைச் சுருக்கினது இல்லை அது. நுணுக்கங்களை விட்டு, கோடுகளைப் பிக்சலோடு பொருத்தி, ஆரோ தனியாக இருந்து கீறியிருக்கினம்.