ஒற்றைக்கால் வாங்கப்போகும் நண்பனுக்கு

வால்பாறை,
பிப்ரவரி மாதம்

அன்புள்ள நண்பா,

"இருப்பதிலேயே எடை குறைந்த மோனோபாட் எது, பெயரை மட்டும் சொல், வாங்கிவிடுகிறேன்" என்று கேட்டிருந்தாய். பெயர் சொல்வது சுலபம். ஆனால் எடையை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், உனக்கு ஒத்துவராத ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டு வருவாய். ஊருக்கு வந்து நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் மனமில்லை. அந்தக் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலையும் மாலையும் நடந்துகொண்டிருக்கிறேன். எது உண்மையில் உதவுகிறது என்பது கையில் பதிந்திருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த மலையைப் பற்றி. ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகிறது. மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கே பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்கும். மனிதர்களுக்குப் பழகிப்போனவை, சாலையோரத்திலேயே மேயும். வெயில் நன்றாக அடிக்கிற இடம் என்பதால் ஷட்டர் 1/1000-க்குக் குறையவே குறையாது. அங்கே மோனோபாடுக்கு வேலையே இல்லை, பையில் கிடக்கட்டும். வெளிச்சமும் அருகாமையும் இருக்கிற இடத்தில் கையே போதும்.

நாற்பது வளைவும் ஏறி மேலே வந்தபின் கதை வேறு. கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. நடுநடுவே அந்தக் காலத்தில் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள். புதுத்தோட்டம் எஸ்டேட்டை ஒட்டிய அப்படியொரு துண்டில்தான் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. உடம்பு முழுக்கக் கன்னங்கரிய ரோமம், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கரிய மிருகம், இருண்ட காடு, தலைக்கு மேலே இலை இடுக்குகளில் வெளுத்த வானம். படமெடுப்பவனுக்கு இதைவிடக் கடினமான வெளிச்சம் அமைவது அரிது.

வெடிப்பலா மரத்தில் ஒரு கூட்டம் பூவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பிய்த்த மிச்சம் கீழே சொத்துசொத்தென்று விழுகிறது. அதை வைத்துத்தான் எங்கே இருக்கின்றன என்றே தெரியும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 5.6 வைத்தும் ஷட்டர் 1/100-ஐத் தாண்டவில்லை. கறுத்த முகத்தில் கண் எங்கே என்று தெரியவேண்டுமானால், அது வானத்து இடைவெளிப் பக்கம் திரும்பவேண்டும். அப்போதுதான் கண்ணில் ஒரு பொட்டு ஒளி விழும். திரும்பும் அந்த நொடிக்காகக் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் காத்திருக்கவேண்டும்.

இப்போது உன் சாமான்களைக் கணக்குப் பார். நிகான் 200-500 லென்ஸ் 2.3 கிலோ. டி7500 பாடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகமொத்தம் மூன்று கிலோவை அண்ணாந்து பிடித்தபடி எத்தனை நிமிடம் நிற்பாய்? லென்ஸிலேயே நடுக்கம் தணிக்கும் விஆர் இருக்கிறதே என்பாய். கை நடுக்கத்தை அது சமாளிக்கும், கைச்சோர்வை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சோர்ந்த கை சரியான நொடியில் கீழே இறங்கியிருக்கும். காட்டில் மோனோபாடின் முதல் வேலை பாரம் தாங்குவதுதான். நடுக்கம் குறைப்பது அடுத்த வேலை. அதனால் கடையில் நீ கேட்கவேண்டியது: என் மூன்று கிலோவை, என் கண் உயரத்தில், நான் அண்ணாந்து பார்க்கும்போது இது ஆடாமல் தாங்குமா? அதற்கு ஆமாம் என்று பதில் வருகிறவற்றில் எடை குறைந்தது எதுவோ அதை வாங்கு. எடை கடைசிக் கேள்வி.

உயரத்தில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பெரும்பாலோர் தவறவிடுவது அதைத்தான். உன் உயரத்துக்குக் கண் மட்டம் ஏறக்குறைய 166 செ.மீ. மோனோபாடுக்கு மேலே ஹெட், லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான லென்ஸ் காலர் எல்லாம் சேர்ந்து ஒரு 20 செ.மீ. கூட்டும். அப்படியானால் 146 செ.மீ. குச்சி போதும் என்று தோன்றும். எடை குறைந்த மாடல்கள் நிறைய அந்த அளவில்தான் நின்றுவிடுகின்றன. சமதரையில் நேராகப் பார்ப்பவனுக்கு அது சரி. ஆனால் மரத்து உச்சியைப் பார்க்க லென்ஸை நிமிர்த்தினால் கேமராவின் பின்பக்கம் தாழ்ந்துபோகும். காலருக்கும் கண்வைக்கும் இடத்துக்கும் நடுவே 25 செ.மீ. இருக்கிறதென்று வை. நாற்பது டிகிரி நிமிர்த்தினால் வியூஃபைண்டர் 16 செ.மீ. இறங்கிவிடும். 146-உம் 16-உம் 162. இதில் மலைச்சரிவையும் சேர்த்துக்கொள். நீ மேட்டில் நிற்க, குச்சியின் அடி பள்ளத்தில் ஊன்றும். ஆகவே 162-க்குக் குறைந்து எதையும் தொடாதே, 165 கிடைத்தால் நல்லது. குனிந்து குனிந்து பார்த்தால் முதுகு வலிக்கும் என்பதோடு விஷயம் முடியவில்லை. குனிந்து நிற்கிற உடம்பே ஆடும்.

அடுத்தது குழாய். நான்கு குழாய், ஐந்து, ஆறு என்று வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்று செருகுவதால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர் மெலிந்துகொண்டே போகும். மேலே 32 மி.மீ.யில் தொடங்கும் நான்கு குழாய்க் குச்சியின் கடைசிக் குழாய் 21, 22 மி.மீ. இருக்கும். மேலே 28-இல் தொடங்கி ஆறு குழாய் என்றால் கடைசியில் வருவது 13 மி.மீ., கட்டைவிரலை விடச் சின்னது. சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தால், குழாயின் விட்டம் பாதியாகும்போது வளையாமல் நிற்கும் திறன் எட்டில் ஒன்றாகிவிடும். கடையில் 350 கிராம் குச்சியைக் கையில் வாங்கியதும் மனம் மயங்கும். முழுக்க நீட்டி நடுவில் விரலால் தள்ளிப் பார், வில்லாக வளைவது தெரியும். மடித்தால் 38 செ.மீ.யில் பைக்குள் மறைகிற ஆறு குழாய் மாடல், கைக்கடக்கமான கேமராவும் சின்ன லென்ஸும் வைத்திருக்கிறவருக்கு அருமையானது. உன் 200-500-க்கு நான்கு குழாய், மிஞ்சினால் ஐந்து. மடித்தாலும் 50 செ.மீ.க்குமேல் நீளும், பையின் பக்கவாட்டில் கட்டிக்கொள்ளவேண்டியதுதான்.

அலுமினியமா கார்பன் ஃபைபரா? பணம் இருந்தால் கார்பன். பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் விலை, ஆனால் அதே தடிமனில் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். விடியற்காலைக் குளிரில் விரல் பட்டால் அலுமினியம் சில்லிடும், கார்பன் அப்படிச் சில்லிடாது. ஒன்றை மட்டும் நினைவில் வை. கார்பனிலும் மின்சாரம் பாயும். இங்கே யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் போட்ட சோலார் வேலிகள் உண்டு, நீட்டிய குச்சியோடு அவற்றின் அருகே போகாதே. பணம் போதவில்லை என்றால், மெலிந்த கார்பனைவிடத் தடித்த அலுமினியம் மேல் என்பது என் முடிவு. நூற்றைம்பது கிராம் கூடுதலாகச் சுமப்பதில் தோள் ஒன்றும் இறங்கிவிடாது.

பெட்டியில் "10 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதை நம்பி முடிவெடுக்காதே. அந்த எண் லாக் வழுக்காமல் எவ்வளவு எடையைப் பிடிக்கும் என்பதற்கானது. ஆடாமல் நிற்குமா என்பதை அது சொல்லாது. நீ வைக்கப்போகும் எடையைப் போல இரண்டு மூன்று மடங்காவது அந்த எண் இருக்கட்டும், அவ்வளவுதான் அதன் பயன்.

ஹெட் இல்லாமல் குச்சியின் உச்சியிலேயே லென்ஸைத் திருகுகிறவர்கள் உண்டு. மைதானத்தில் கிரிக்கெட் எடுக்கிறவர்களுக்கு அது ஒத்துவரும். மரத்து உச்சியைப் பார்க்கிறவனுக்கு ஒத்துவராது. லென்ஸை நிமிர்த்தக் குச்சியையே பின்னால் சாய்க்கவேண்டிவரும், சாய்த்தால் பாரமெல்லாம் கைக்குத் திரும்பிவிடும். பால் ஹெட்டும் வேண்டாம், கனமான லென்ஸ் பக்கவாட்டில் தொப்பென்று கவிழும். உனக்குத் தேவை மேலும் கீழும் மட்டும் அசையும் டில்ட் ஹெட். படத்தைக் குறுக்காகவோ நெடுக்காகவோ வைக்க லென்ஸ் காலர் சுழலும், பக்கம் திரும்பக் குச்சியே சுழலும். மேல்கீழ் அசைவு ஒன்றுதான் பாக்கி. மான்ஃப்ரோட்டோ 234ஆர்சி என்று பழைய மாடல் ஒன்று 270 கிராமில் இருக்கிறது, ஆனால் அது தாங்குவது 2.5 கிலோ. உன் எடைக்குக் காணாது. ஆர்க்கா-ஸ்விஸ் பிளேட் ஏற்கிற கொஞ்சம் பெரிய டில்ட் ஹெட்டாகப் பார். சட்டென்று கழற்றி மாட்ட வருகிறதா என்பதும் முக்கியம். இங்கே பெரிய இருவாச்சி பறந்துவரும்போது முதலில் சிறகோசைதான் கேட்கும், அதன்பின் சில நொடிதான் கிடைக்கும். அந்தப் படத்துக்குக் குச்சி இடைஞ்சல், கழற்றிவிட்டுக் கையில் எடு.

லாக் ட்விஸ்ட்டா ஃப்ளிப்பா என்பதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். கை ஈரமாக இருக்கும்போது இறுக்க வருகிறதா என்று மட்டும் பார். அடியில் ரப்பர் பாதம் போதும். விரிகிற மூன்று சின்னக் கால் வைத்த வீடியோ மாடல்கள் உன் கண்ணை இழுக்கும். எடை ஒரு கிலோவைத் தாண்டிவிடும், சரிவில் அந்தக் கால்கள் நிற்கவும் நிற்காது. எதுவானாலும், கேமராவோடு குச்சியைத் தனியே நிற்கவைத்துவிட்டு நகராதே. மலையேறும் கைத்தடியின் குமிழில் திருகு வைத்துக் கேமரா மாட்டச் சொல்கிறார்களே, அதுவும் மூன்று கிலோவுக்கு ஆகாது.

வாங்கியபின் பழகவேண்டியது நிறைய இருக்கிறது. நட்டக்குத்தலாக ஊன்றாதே. அடியை ஒரு முழம் முன்னால் வைத்துக் குச்சியை உன் பக்கம் சாய்த்துக்கொள், உன் இரண்டு காலும் குச்சியும் சேர்ந்து முக்கோணமாகும். இடது கையை லென்ஸின் மேலே, காலருக்கு நேராக வைத்து லேசாக அழுத்து. முழங்கைகள் விலாவை ஒட்டட்டும், புருவம் கேமராவில் படட்டும். விஆரை அணைக்காதே. குச்சி மேல்கீழ் ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் நிறுத்தும், பக்கவாட்டு ஆட்டத்துக்கு விஆர் வேண்டும். மூச்சை விட்டுவிட்டு நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடு. பொத்தானை அழுத்தும் அதிர்வு முதல் படத்தோடு போய்விடும், நடுப் படங்கள் தெளிவாக வரும். இரவில் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பிடரி ரோமம் இடவலமாக இழுபட்டிருந்தால் நீ நின்ற நிலை சரியில்லை. மேல்கீழாக இழுபட்டிருந்தால் பெரும்பாலும் ஹெட் தளர்ந்திருக்கும். உயரம் போதுமானால் மெலிந்த கடைசிக் குழாயை உள்ளேயே விட்டுவிடு.

முக்காலியே கொண்டுவரலாமே என்றும் கேட்டிருந்தாய். நீர்வீழ்ச்சியை ஒரு நொடி ஷட்டரில் எடுக்க, இரவு வானம் எடுக்க அதுதான் வேண்டும், மோனோபாடால் அது முடியாது. ஆனால் இந்தக் காட்டில் ஈரம் இருக்கிற இடமெல்லாம் அட்டை. முக்காலியைத் தாழ விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தால் எழும்போது கால் முழுக்க ரத்தம். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. எஸ்டேட் பாதையில் திருப்பத்தில் காட்டெருமையோ யானையோ நிற்கலாம். சத்தமில்லாமல், உடனே பின்வாங்கவேண்டும். ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். மூன்று காலை மடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நீ வந்தால் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். புதுத்தோட்டத்துச் சாலையில் குரங்குகள் தரைக்கே வந்துவிடுகின்றன. அவை சாலையைத் தாண்டுவதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள், வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்களும் நிற்கிறார்கள். ஒரு பிஸ்கட்கூடப் போடாதே. தீனிக்கு வந்த குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது. இது இருவாச்சிகள் கூடுகட்டும் காலமும்கூட. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஒரு கீறல் இடைவெளி வழியாக ஆண் பழம் ஊட்டும். பொந்தின் பக்கத்தில் மனிதர் நின்றால் ஆண் வரத் தயங்கும், உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும். 500 மி.மீ. லென்ஸும் நல்ல குச்சியும் இருக்கும்போது நெருங்கிப் போகவேண்டிய அவசியமே இல்லை. தொலைவில் நின்று சில படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடு.

கடைக்குப் போகும்போது கேமராவையும் லென்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போ. குச்சியை முழுக்க நீட்டி, உன் உடம்புப் பாரத்தை மேலிருந்து அழுத்து, லாக் ஒன்றுகூட இறங்கக்கூடாது. பிறகு லென்ஸை மாட்டிக் கடையின் கூரை மூலையைப் பார். முதுகை வளைக்காமல் கண் வைக்க முடிந்தால் வாங்கு, முடியாவிட்டால் எத்தனை கிராம் குறைவு என்று சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. குச்சி அரைக் கிலோ, ஹெட் கால் கிலோவுக்குச் சற்று மேல், ஆக முக்கால் கிலோவைத் தாண்டினால் தாண்டட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்