இடையில் மூன்று பைட்

சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்சர். முதலில் மீட்டர் வகையைச் சொல்லும் ஓர் எழுத்து, ஒரு பைட். அடுத்து அளவைச் சொல்லும் லாங். 32 பிட் சிப்பில் லாங் 4 பைட். கூட்டினால் 5. சைஸ்ஆஃப் போட்டுக் கேட்டால் 8 என்கிறது. நான்கால் வகுபடும் முகவரியில் லாங் உட்காரவேண்டும் என்று கம்பைலர் நடுவே மூன்று பைட்டைச் சும்மா விட்டுவிடுகிறது. சும்மா என்றால் பூஜ்யம் அல்ல. முன்பு அங்கே கிடந்த குப்பை அப்படியே கிடக்கலாம்.

64 பிட் லினக்ஸில் லாங்கே 8 பைட். இடைவெளி 7, மொத்தம் 16. (64 பிட் விண்டோஸில் லாங் இன்றும் 4தான்.) உறுப்புகளின் வரிசையையும், முதல் உறுப்புக்கு முன் இடைவெளி கூடாது என்பதையும் மட்டுமே சி தரநிலை கட்டாயமாக்குகிறது. மற்ற இடைவெளிகள் அந்தந்த இயந்திரத்தின் இஷ்டம்.

நான் வேலைசெய்த இடத்தில் தண்ணீர் மீட்டர்கள் இந்த ஸ்ட்ரக்சரை அப்படியே அனுப்பின. சோதனை மேசைக்குப் புதிய 64 பிட் கணினி வந்ததும் அளவுகள் கோடி கோடியாகத் தாவின. பதிவுகளும் பாதியாகக் குறைந்தன. ஆனால் வகை எழுத்து மட்டும் சரியாக வந்தது. அது முதல் உறுப்பு அல்லவா, எந்த இயந்திரத்திலும் இடம் மாறாது. அதைப் பார்த்துத்தான் "மென்பொருள் நன்றாக இருக்கிறது, போர்டுதான் கோளாறு" என்று முடிவு கட்டினார்கள். போர்டு என்றால் சால்டரிங் வரிசை. அந்த வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒப்பந்தப் பெண்கள். "பேசிக்கிட்டே வேலை பார்த்தா இப்படித்தான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. இரண்டு வாரம், ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து அந்தப் பெண்கள் போர்டுகளை மறுபடி பற்றவைத்தார்கள்.

பல வருடம் ஒழுங்காக ஓடிய பழைய மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து புதிய கணினியில் மாட்டினேன். அதே கோடிகள். இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் அச்சிட்டேன்: 8, 16. அரை நாள் வேலை. ஸ்ட்ரக்சரை மொத்தமாக அனுப்புவதை நிறுத்தி, 1999 தரநிலையிலேயே வந்துவிட்ட, அளவு மாறாத 32 பிட் வகையில் ஒவ்வொரு உறுப்பையும் பைட் பைட்டாக, குறித்த வரிசையில் எழுதவைத்தேன்.

'அலைன்மென்ட் பிரச்சினை தீர்ந்தது' என்று மின்னஞ்சல் போனது. சால்டரிங் வரிசையில் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி கிடையாது. நானே போய்ச் சொன்னேன். மூத்தவர் ஒருவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்த ரெண்டு வார ஓவர்டைம் காசு வருமா மேடம்?"

அதைக் கேட்டு எழுதினேன். பதில் வராததால் மேலும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.