கெமாஸ் பட்டறையில் ஒரு பழைய சாகா

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை ரயில் பாதையினின்று, காடுகளை ஊடுருவிக் கிளந்தானின் தும்பாட் வரையில் செல்லும் கிழக்குக் கரைப் பாதை பிரிகின்ற இடம் கெமாஸ். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கோடியில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்த இச்சிற்றூரை ரயில் சந்திப்பாகவே ஜனங்கள் அறிவார்கள். யுத்த சரித்திரம் படித்தவர்கள், 1942 ஜனவரி 14-ஆம் தேதி கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறித்துத் தாக்கிய ஸ்தலத்துக்கு அண்மையிலுள்ள ஊர் என்றும் அறிவார்கள். நான் சென்றது இவ்விரண்டுக்காகவும் அன்று. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரில், முப்பது ஆண்டுகளைக் கடந்த கார்களையும் வேன்களையும் இன்றளவும் ஓட வைத்துக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்களின் வேலையை உடனிருந்து பார்க்கவேண்டும் என்ற விருப்பமே என்னை அங்கே அழைத்துச் சென்றது.

தகரக் கூரையும், எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரையும், ஒரு நீண்ட மரப்பலகையுமே அந்தப் பட்டறையின் ஆஸ்தி. அதை நடத்தும் போர்மேன் அறுபது பிராயத்தைத் தாண்டியவர். அவருடைய தந்தையார் நீராவி ரயில் காலத்தில் இன்ஜின் கொட்டகையில் உழைத்தவர். கொதிகலனைக் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை ஆறவிட்டு, உள்ளே இறுகிப் படிந்த உப்பையும் சேற்றையும் நீரைப் பாய்ச்சிக் கழுவி வெளியேற்றும் வேலை அவருடையது. 1957-இல் மலாயா ரயில்வேக்கு டீசல் இன்ஜின்கள் வந்து சேர, நீராவியின் காலம் படிப்படியாக அஸ்தமித்தது. மகன் ரயிலுக்குப் போகாமல், ரப்பர் தோட்டம் ஒன்றின் பட்டறையில் பால் லோரிகளையும் டிராக்டர்களையும் பழுது பார்க்கும் கையாளாகச் சேர்ந்து, அத்தோட்டம் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டு, லயத்து வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியானபோது, கெமாஸுக்கு வந்து சொந்தத் தொழில் தொடங்கினார். "எங்கப்பா பாய்லர் கழுவினாரு, நான் ரேடியேட்டர் கழுவுறேன். ரெண்டும் ஒரே வேலைதாங்க ஐயா" என்று அவர் சொன்னதை, அன்று பகல் முழுவதும் அவர் கை செய்த காரியங்களைப் பார்த்த பிறகே நான் முற்றிலும் விளங்கிக்கொண்டேன்.

காலையில் வந்து நின்ற வண்டி ஒரு பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் மகாதீரால் வெளியிடப்பட்ட மலேசியாவின் முதல் தேசியக் கார் அது. மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் பியோரே காரை ஆதாரமாகக் கொண்டு அமைந்தது. முகப்பும் பின்புறமும் பெயரும் காலத்துக்கேற்ப மாறினாலும் அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் 2008 வரையில் உற்பத்தியில் நிலைத்தது. இவ்வளவு நீண்ட காலம் ஒரே வடிவத்தைச் சார்ந்த கார்கள் ஓடியதனாலேயே, கம்பெனியின் அசல் சாமான் கிடைக்காவிட்டாலும் வெளித் தயாரிப்பாளர்கள் செய்யும் மாற்றுச் சாமான்கள் இன்றும் சிற்றூர்க் கடைகளில்கூட அகப்படுகின்றன. வண்டிக்காரர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நோயாளியான மனைவியைச் சிகிச்சைக்காகச் செகாமட்டுக்கு அழைத்துச் செல்ல அந்த வீட்டுக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றே. "முள்ளு சிவப்புக்கு ஏறுது தம்பி, ரேடியேட்டர மாத்திடு" என்றார் அவர். "மாத்தலாம் அண்ணே, முதல்ல அதுதான் கோளாறான்னு பார்ப்போம்" என்றார் போர்மேன்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொழிலறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வண்டி சூடேறுகிறது என்பது நோயின் குறியே அன்றி நோயன்று. நீரைத் தள்ளும் பம்பு தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மின்விசிறி சுழலாதிருக்கலாம், இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கருகி, எரிந்த வாயு நீருக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்ன கோளாறு உள்ள வண்டியில் எத்தனை புதிய ரேடியேட்டர்களைப் பூட்டினாலும் பணம் விரயமாவதைத் தவிர வேறு பலனில்லை. ஆகவே, வண்டி நன்றாக ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, உள்ளிருந்த நீர் துருவேறிச் செந்நிறமாய் இருப்பதை எனக்குக் காட்டிவிட்டு, மூடி அமரும் வாயில் அளவுமானி பொருத்திய ஒரு கைப்பம்பைப் பூட்டி, மூடியில் பொறித்திருந்த 0.9 என்னும் எண்ணளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் நிற்கவில்லை; மெல்ல இறங்கியது. கீழ்த் தொட்டியின் ஈயப்பற்று விட்ட ஓரத்தில் நீர் முத்து முத்தாய்த் துளிர்த்தது. பின்னர் இன்ஜினை ஓடவிட்டு, வாயில் குமிழிகள் இடைவிடாது எழுகின்றனவா என்று நெடுநேரம் பார்த்தார், எழவில்லை. விசிறியும் பம்பும் குற்றமற்றவை. அதன் பிறகே ரேடியேட்டரை மாற்றுவதென்று தீர்மானமாயிற்று.

அந்த 0.9 என்னும் எண்ணின் சூட்சுமத்தைப் பலர் அறிவதில்லை. சாதாரணமாக நூறு டிகிரியில் கொதிக்கும் நீர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்போது ஏறக்குறைய 119 டிகிரி வரையில் கொதிக்காமல் நிற்கும். இந்த இடைவெளியே இன்ஜினுக்குப் பாதுகாப்பு. சூடான மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்க, நூறு டிகிரியைக் கடந்த நீர் அக்கணமே ஆவியாகிப் பீறிட்டெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடுகிறது. பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் உஷ்ணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த நீரின் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. 1886-இல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டி நீரை ஆவியாகப் போக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. ஆகவே ஓடும் வண்டிக்கு நீரை அடிக்கடி நிரப்பவேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் மெர்சிடிஸ் காருக்காக, ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐத் தேனடைபோல் அடுக்கிச் செய்த ரேடியேட்டரே இன்று நாம் காணும் கருவிக்கு மூதாதை.

கடையிலிருந்து வந்த புதிய ரேடியேட்டரைப் பார்த்ததும் வண்டிக்காரரின் முகம் சற்றே வாடியது. பழையது செம்புத் தகடும் பித்தளைத் தொட்டியும் கொண்டது. புதியதோ அலுமினிய உடலும், அதன் விளிம்பில் ரப்பர் வளையம் வைத்து மடித்திறுக்கிய பிளாஸ்டிக் தொட்டிகளும் கொண்டது. செம்பு அலுமினியத்தைவிட விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும் என்பது உண்மை; ஈயம் வைத்து எத்தனை முறையும் பற்றவைக்கலாம் என்பதும் உண்மை. ஆயினும் அலுமினியக் குழாயை அகலமாக அமைத்துத் தகட்டோடு நேரே உருக்கி ஒட்ட முடிவதால், நன்கு செய்த அலுமினிய ரேடியேட்டர் குளிர்விப்பதில் செம்புக்குத் தாழ்ந்ததன்று. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டி ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து உடையும் தன்மையடையும்போது, பற்றவைத்துப் பிழைக்கவைக்க வழியில்லை. இதனைப் போர்மேன் மறைக்காமல் சொல்லி, "செம்புல வேணும்னா சொல்லி வரவழைக்கணும் அண்ணே, நாளாகும், விலையும் கூட. அண்ணிக்கு எப்ப போகணும்?" என்று கேட்டார். மறுநாளே போகவேண்டியிருந்தது.

இனி நான் கண்டதுதான் எனக்கு மிகுந்த ஆச்சரியத்தை அளித்த பகுதி. பழையதைக் கழற்றிப் பலகையில் கிடத்தி, அருகில் புதியதைக் கிடத்தி, இரண்டையும் அங்கம் அங்கமாக ஒப்பிட்டார்: உயரம், அகலம், கனம், மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் மாட்டும் வாய்களின் விட்டமும் கோணமும், மூடியின் கழுத்து, விசிறியை ஓடச்செய்யும் உஷ்ண சுவிட்ச் அமரும் மரைத்துளை, கீழே ரப்பர்க் குமிழில் செருகும் காம்புகள். தானியங்கி கியர் வண்டியின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியே இரு வாய்கள் உண்டு; பெட்டியின் மேல் ஒரே கார்ப் பெயர் இருப்பதை நம்பி மாற்றி வாங்கிவிடுவோர் பலர். எல்லாம் பொருந்தின, விசிறிச் சட்டத்தின் ஒரு துளை மாத்திரம் சில மில்லிமீட்டர் விலகி நின்றது. உதவிக்கு இருந்த இளைஞன் சட்டத்தை நெம்பிப் போல்ட்டை ஏற்றிவிட முற்பட்டான். "நெம்பாதடா தம்பி. இன்னிக்கு உட்காரும், ஆறு மாசத்துல தொட்டி வெடிக்கும்" என்று அவனைத் தடுத்து, சட்டத்தின் இரும்புத் துளையை அரத்தால் நீளவாட்டில் இழைத்து, பிளாஸ்டிக்கின் மேல் எவ்வித இழுப்பும் இராதபடி போல்ட்டை விரலாலேயே திருகி ஏற்றினார். மாற்றுச் சாமான் ஒரு மாதிரிக் காருக்காகச் செய்யப்படுவது. முப்பது வருஷம் மண்சாலையில் குலுங்கி, எங்கோ ஒரு முறை மோதி நிமிர்த்தப்பட்டு, வேறெந்தச் சாகாவையும் முற்றிலும் ஒத்திராத இந்தத் தனி வண்டிக்காக எவரும் அதைச் செய்யவில்லை. அந்தச் சில மில்லிமீட்டரை நிரப்பும் அறிவை விலைகொடுத்து வாங்குவதாக நம்மில் யாரும் நினைப்பதில்லை. "சாமானுக்கு இவ்வளவு, பூட்டுகூலி கொஞ்சம் போட்டுக்கொடு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

புதியதை வண்டியில் பூட்டுமுன் இன்ஜினின் உள்வழிகளில் ரப்பர்க் குழாய் மூலம் நீரைப் பாய்ச்சினார். காப்பிநிற நீர் மஞ்சளாகி, மஞ்சள் தெளிவாகும் வரையில் விடவில்லை. கழிவுநீரை ஒரு தொட்டியில் பிடித்தார். குளிர்விப்புத் திரவத்திலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. நாயும் கோழியும் நக்கினால் மடியும். நம் நாட்டில் நீர் உறைவதில்லை, ஆகவே வெறும் குழாய் நீரே போதும் என்னும் எண்ணம் தோட்டப்புறத்தில் வேரூன்றியிருக்கிறது. திரவத்திலுள்ள துருத்தடுப்பு மருந்துகளே இங்கு நமக்கு வேண்டியவை என்பதும், இரும்பு உடலும் அலுமினியத் தலையும் ஒரே நீரில் நனைந்திருக்கும் இன்ஜினில் அவை இல்லாவிடில் அரிப்பு விரைவில் தொடங்கும் என்பதும் பலரை எட்டவில்லை. தெர்மோஸ்டாட்டையும் அவ்வாறே "சூடான ஊருக்கு எதற்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் தனக்குரிய உஷ்ணத்தை எட்டாமல் நாளெல்லாம் ஓடினால் பெட்ரோலும் கூடுதலாய்ச் செலவாகும், எண்ணெயும் கெடும். போர்மேனோ பழைய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் இட்டு அது திறப்பதைப் பார்த்த பின்னரே திரும்பப் பூட்டினார்.

திரவத்தை நிரப்பும்போது அவசரம் சிறிதும் இல்லை. மெல்லிய தாரையாய் ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கிவிட்டு, மூடியில்லாமலே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும், நீர் படாத அந்த இடம் மட்டும் தகித்து, அலுமினியத் தலை வளைந்துபோகும் அபாயம் உண்டு. வெகுநேரம் கழித்து மேல் ஹோஸ் திடீரெனச் சூடாயிற்று, திரவமட்டம் ஒரு சாண் விழுந்தது, மீண்டும் ஊற்றினார். விசிறி தானாகச் சுழலத் தொடங்கி, சற்றுப் பொறுத்துத் தானாக நின்றது. அது இரண்டாம் முறையும் அவ்வாறே சுழன்று நின்றதைக் கண்ட பின்பே மூடியை இறுக்கினார்.

இன்ஜின் ஆறும் இடைவெளியில் இளைஞனிடம் ஒரு ரம்பத்தைக் கொடுத்துப் பழைய ரேடியேட்டரின் மேல் தொட்டியை அறுக்கச் சொன்னார். செம்பையும் பித்தளையையும் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். அதற்குமுன் பையன் உள்ளே பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நடுக் குழாய்கள் திறந்திருந்தன. நீரோட்டம் மந்தமான இரு ஓரங்களிலும் குழாய்வாய்கள் வெண்மையும் செம்மையுமான படிவால் முற்றிலும் அடைபட்டிருந்தன. கசிவு ஒன்றுதான் கோளாறு என்று ஈயம் வைத்து அனுப்பியிருந்தால், முள் மறுபடியும் ஏறியிருக்கும். அப்பையன் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தியவன். மலேசியத் திறன் சான்றிதழுக்கு அவனைப் படிக்க அனுப்பவேண்டுமென்று போர்மேன் முயன்றுகொண்டிருக்கிறார். தமக்குச் சான்றிதழ் எதுவும் இல்லாத ஒருவர், தம் கையாளுக்கு அது கிடைக்கவேண்டும் என்று அலைவதைக் கேட்டு என் மனம் நெகிழ்ந்தது.

மாலையில் பத்து அன்னம் வரையிலும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவுக்குக் கீழேயே நின்றது. மறுநாள் விடியற்காலையில், வண்டி முழுவதும் ஆறியிருக்கையில், மூடியைத் திறந்து, குறைந்திருந்த ஒரு குவளை அளவுத் திரவத்தைச் சேர்த்தார். பின்னிருக்கையில் அம்மையார் ஏறி அமர்ந்திருந்தார். "புது ஹோஸ் கிளிப் சூட்டுல கொஞ்சம் தளரும் அண்ணே, வர்ற வாரம் கொண்டாங்க, ஒரு சுத்து இறுக்கித் தர்றேன், காசு வேணாம்" என்று போர்மேன் சொல்ல, வண்டி செகாமட் சாலையை நோக்கித் திரும்பியது. வாயிலில் ஏற்கெனவே ஒரு செம்பனைக் குலை ஏற்றும் வேன் முறைக்குக் காத்திருந்தது.