தங்குவதற்கு ஓர் இடம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் பெரியோர். காவிரிப் பாசன ஊரில் பிறந்து, காவிரிப் பாசன ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்த வாக்கின் முழுப் பொருளும் 2025 டிசம்பரில் நாங்கள் மேற்கொண்ட மூன்று நாள் பயணத்தில்தான் விளங்கியது. பிள்ளைகளை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசக சகோதரிகள் எண்ணலாம். எங்கே தங்குவது என்ற ஒரே ஒரு கேள்வி எங்கள் குடும்பத்தைப் பதினைந்து நாட்கள் தூங்கவிடாமல் செய்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் ‘வொண்டர்லா’ பூங்கா அந்த மாதத் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. அங்கே தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி பறக்கும் ஒரு வண்டிக்குத் ‘தஞ்சோரா’ என்று பெயர் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் படித்த என் மகள், “நம் ஊர்ப் பெயரில் ராட்டினம் இருக்கிறது, தஞ்சாவூர்க்காரர்கள் நாம் போகாவிட்டால் எப்படி அப்பா?” என்று பிடித்துக்கொண்டாள். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வங்கிக்கு வந்திருந்த நேரம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் போகலாம் என்று அவள் தந்தை வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் கணக்குப் பார்த்தோம். சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,545 ரூபாய் என்பது அப்போது அரசு நிர்ணயித்திருந்த விலை. பூங்காவில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒரு தலைக்கு ஏறக்குறைய அரைக் குவிண்டால் நெல்! அந்தக் கட்டணத்தை நம்மால் குறைக்க முடியாது. இரயில் கட்டணத்தையும் குறைக்க முடியாது. குடும்பத்தலைவியின் கைக்குள் அடங்குகிற செலவு தங்குமிடம் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊருக்குச் சென்றபோது, வாடகை ஒன்றையே பார்த்து ஒரு விடுதியில் அறை எடுத்தேன். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, காலை ஏழு மணிக்கே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பார்க்க வேண்டிய இடமோ வெகு தொலைவு. வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரரிடம் எண்ணிக் கொடுத்தேன். மலிவான அறை வேறு, சிக்கனமான அறை வேறு என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இம்முறை முதலில் பூங்காவுக்குப் பக்கத்தில் விசாரித்தோம். ஆண்டு முடிவு வாரம் என்பதால் ஓர் இரவுக்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். மாமல்லபுரம் அங்கிருந்து அதிக தூரமில்லை. கடற்கரைக் கோயிலையும் பிள்ளைகள் பார்க்கலாம். ஆனால் புத்தாண்டுக்கு ஊரே அங்கு திரளும் சமயம் அது. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவை அறிந்த நமக்கு இது புதிதா? பேராலயத்தின் அருகில் அறை கேட்டால் விலை மலைக்க வைக்கும். அதே இரவில் நாகப்பட்டினத்தில் தங்கிப் பேருந்தில் போய் வருபவர் நிம்மதியாக இருப்பார். கூட்டம் கூடும் இடத்தில் தங்காதே, கூட்டத்துக்குப் போகிற வழியில் தங்கு என்பது நம் பக்கத்து அனுபவ ஞானம்.

அந்த வழி செங்கல்பட்டு என்று தோன்றியது. தஞ்சையிலிருந்து வரும் சோழன் விரைவு வண்டி அங்கே நிற்கிறது. திருப்போரூருக்குப் பேருந்தும் உண்டு. சந்திப்புக்கு அருகில் இருந்த ஒரு விடுதியைத் தொலைபேசியில் அழைத்து நானே பேசினேன். வாடகையைக் கடைசியில்தான் கேட்டேன். இரவும் பகலும் தண்ணீர் வருமா, காலையில் வெந்நீர் உண்டா, ஈரத்துணி உலர்த்தக் கொடி கட்டலாமா, பக்கத்தில் ஆறரை மணிக்கே இட்லி கிடைக்குமா, கூடுதலாக இரண்டு பாய் தருவார்களா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டேன். நீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நைலான் உடைதான் வேண்டும். அதை அலசிக் காயப் போட இடம் இல்லாவிட்டால் அறை முழுவதும் சதசதவென்று ஆகிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, நாள் கணக்கு எப்படி என்பது. சில இடங்களில் நண்பகல் முதல் நண்பகல் வரை ஒரு நாள். வேறு சில இடங்களில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். இரவு வண்டியில் வந்து விடியுமுன் இறங்குபவர் முதல் வகை விடுதிக்குப் போனால், காலைப் பொழுதுக்காகவே ஒரு நாள் வாடகையை இழக்க நேரிடும். ஆகவே பகல் வண்டியில் புறப்பட்டு, மாலையில் அறை எடுத்து, நன்றாக உறங்கி, மறுநாள் பூங்கா திறக்கும்போதே போய்விடுவது என்று தீர்மானித்தேன். நால்வர் அறை, ஓர் இரவுக்கு 1,600 ரூபாய்.

இத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தபோது, என் கணவர் முகம் சுளித்தார். “சேலையூரில் தம்பி வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா? அவன் மனம் என்ன பாடுபடும்?”

என் கொழுந்தனார் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வாடகை வீட்டில் மனைவி, இரு பிள்ளைகளுடன் வசிக்கிறார். வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் கண்காணிப்பவர். விருந்தினர் தலையையும் எண்ணுபவர். நாங்கள் ஐந்து பேர் போய் இறங்கினால் அவர்கள் முகம் மலர வரவேற்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மலர்ச்சிக்கு அவர்கள் எங்கே கடன் வாங்குவார்கள் என்ற எண்ணம் என்னை வாட்டியது. போகாவிட்டாலோ, ஏழை வீடு என்று ஒதுக்கிவிட்டோம் என்ற வடு ஆயுளுக்கும் நிற்கும்.

வழி காட்டியவர் என் மாமியார்தான். முழங்கால் வலியுடன் அடுப்படி ஓரம் அமர்ந்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்: “ஏம்மா, இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ராட்டினமா ஏறப்போகிறேன்? என்னை அவன் வீட்டில் விட்டுவிடு. அவன் பிள்ளைகளை நீ கூட்டிக்கொண்டு போ. கணக்கு சரியாகிவிடும்.”

அன்றிரவே என் ஓரகத்தியைத் தொலைபேசியில் அழைத்தேன். “எங்கள் வீடு சின்னது என்றுதானே அக்கா?” என்று அவள் கேட்டபோது என் தொண்டை அடைத்தது. பூசி மெழுகாமல் பதில் சொன்னேன். “வீடு சின்னதுதான், தங்கச்சி. அதில் அத்தைக்கு இடம் கொடு. பிள்ளைகளை இரண்டு இரவு எனக்குக் கடன் கொடு. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் உன் கையால் சாப்பிட வருகிறோம்.” சற்று நேரம் மௌனம். பிறகு, “மீன் குழம்பு வைக்கட்டுமா அக்கா?” என்றாள்.

டிசம்பர் 29ஆம் தேதி புறப்பட்டோம். வண்டி செங்கல்பட்டை நெருங்கியதும் ஓர் ஏரி தெரிந்தது. எங்கே தண்ணீரைக் கண்டாலும் மகிழ்கிற நம் ஊர்க் கண்கள் அதையும் கண்டு மகிழ்ந்தன. கொழுந்தனார் பிள்ளைகளுடன் அங்கேயே காத்திருந்தார். பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, அதே வண்டியில் ஏறி, தாயை அழைத்துக்கொண்டு தாம்பரம் போனார். வீட்டரிசி அரை மூட்டையும் முறுக்கு டப்பாவும் அத்தையுடன் போயின.

மறுநாள் பூங்காவில் நான்கு பிள்ளைகளும் போட்ட கும்மாளத்தை விவரிக்க ஏடு போதாது. தஞ்சோராவில் ஏற உயரம் போதாத என் மகனும், கொழுந்தனாரின் இளையவனும் தண்ணீரிலேயே ஆறுதல் தேடிக்கொண்டார்கள். இரவு ஆறு பேரும் ஒரே அறையில் கட்டிலும் பாயுமாகப் படுத்துச் சிரித்துக்கொண்டே உறங்கினோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்கு அருகில் தங்கியிருந்தால் இரண்டு இரவுக்கு 9,000 ரூபாய். செங்கல்பட்டில் வாடகை 3,200, கூடுதல் பாய்களுக்கு 600, போக வர வண்டிச் செலவு 1,400, ஆக 5,200. மிச்சம் 3,800 ரூபாய். அதுதான் கொழுந்தனாரின் இரு பிள்ளைகளுக்கும் நுழைவுச்சீட்டாகவும் சாப்பாடாகவும் மாறியது.

ஆனால் உண்மையான மிச்சம் வேறொன்று. மூன்றாம் நாள் சேலையூரில் சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தை என்னைத் தனியே அழைத்தார். வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து மூன்று மாதங்கள் ஆகின்றனவாம்; தம்பி ஒருவரிடமும் சொல்லவில்லையாம். பிள்ளைகள் இல்லாத அந்த இரவில், விளக்கை அணைத்த பிறகு, தாயின் காலைப் பிடித்துவிட்டபடியே சொல்லி அழுதிருக்கிறார். நாங்கள் அனைவரும் அந்த ஒற்றை அறையில் கூச்சலும் ஈரத்துணியுமாய் நிறைந்திருந்தால், அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்குமா? விருந்தோம்பும் வேஷத்தில் இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும்.

அன்று மாலையே அண்ணனும் தம்பியும் வெகுநேரம் நடந்துகொண்டே பேசினார்கள். இரவு தாம்பரத்தில் உழவன் விரைவு வண்டி ஏறினோம். அத்தை எங்களுடன் வரவில்லை. “பொங்கலுக்கு அவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டார்.

விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை வீடுதோறும் குடிலில் வைத்துப் பார்க்கும் வாரம் அது. ஊர் திரும்பியதும் எங்கள் குடிலின் முன் சிறிது நேரம் நின்றேன். வாடகையை அளப்பது எளிது, சகோதரிகளே. கூட வருகிறவர்களில் யாருக்கு எந்த இடம் வேண்டும் என்பதையும் சேர்த்து அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.