மட்டாஞ்சேரி வாசம்

கொச்சிக்கு வரும் பிரயாணிகள் பெரும்பாலும் இரண்டு நாள் தங்குவர். கடலோரத்துச் சீன வலைகளைப் பார்ப்பர். போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், 1663இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் 'டச்சு அரண்மனை' என்றே பெயர் பெற்றதுமான மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயண ஓவியங்களைக் கண்டு வியப்பர். 1568இல் எழுப்பப்பட்ட யூதர் ஆலயத்தினுள் சென்று, தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளைக் குனிந்து நோக்குவர். பிறகு ஒரு பொட்டலம் ஏலமும் மிளகும் வாங்கிக்கொண்டு வண்டியேறி விடுவர். இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயினும் ஓர் ஊரைக் காண்பது வேறு. அவ்வூரில் அடுப்பு மூட்டி வாழ்வது வேறு. இரயில்வே எழுத்தர் உத்தியோகத்தின் நிமித்தம் நாங்கள் குடும்பத்தோடு மட்டாஞ்சேரியில் குடியேறிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வெளியூர்களில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று கருதி, இவ்வூர் எங்கள் வீட்டு முற்றத்திற்கும் சமையலறைக்கும் வந்து சேர்ந்த கதையை ஈண்டு எழுதத் துணிகிறோம்.

வாசம் என்னும் சொல்லுக்குக் குடியிருத்தல் என்றும் மணம் என்றும் இரு பொருள் உண்டு. மட்டாஞ்சேரிக்கு இரண்டும் பொருந்தும். பஜார் ரோடு என வழங்கும் கடைவீதியில் காலை வேளையில் நடந்தால், ஒரு கிடங்கின் வாயிலில் சுக்கு மணக்கும். அடுத்ததில் மிளகு தும்மலை வரவழைக்கும். அப்பால் உப்பங்கழியின் சேற்று வாடையும் காற்றில் கலந்து வரும். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. அந்த முசிறித் துறை இங்கிருந்து வடக்கே, கொடுங்கல்லூரை அடுத்த பகுதியில் இருந்தது. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அத்துறை தூர்ந்து கொச்சியின் கழிமுகம் விரிந்தது என்பர் வரலாற்றார்.

துறைமுகம் விரியவே மனிதரும் வந்து சேர்ந்தனர். 16ஆம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துக்கீசியர் இழைத்த கொடுமைக்குத் தப்பி வந்த கொங்கணியர், வாணிபத்திற்கு வந்த குஜராத்தியர், கட்ச் நாட்டு மேமன்கள் எனப் பல இனத்தார் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ்கின்றனர். யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் அங்கே சென்று விட்டனர்; ஆலயம் மட்டும் நிற்கிறது. நம் தமிழரும் இங்குப் புதியவர் அல்லர். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் இடத்திலுள்ள வெளுப்புத்துறையில் இன்றும் துணி வெளுப்போர் தமிழ்க் குடும்பத்தினரே. டச்சுக்காரர் தம் படைவீரர் உடைகளை வெளுக்க அழைத்து வந்தோரின் வழியினர் இவர் என்று கூறுவர். ஆகவே, 'வந்தவர்' என்ற சொல்லைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் எங்கள் தெருவில் எவரும் இலர். ஏனெனில் எல்லோரும் என்றோ ஒரு நாள் வந்தவர்களே.

எங்கள் வீடு வாடகை வீடு. ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு சமையலறை, பின்புறம் ஒரு கிணறு, துவைகல், பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மணல் முற்றம். முதல் சில ஆண்டுகள் அந்த முற்றத்தை நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஃபோர்ட் கொச்சியில் படகேறி எரணாகுளம் சென்று அலுவல் முடித்துத் திரும்பவே பொழுது சாய்ந்துவிடும். வாங்கிய காய்கறியைச் சமைத்துண்டு உறங்குவதே வாழ்க்கையாக இருந்தது. 'என்றைக்கேனும் ஊருக்குப் போய்விடுவோம், இங்கே எதற்கு மரமும் செடியும்' என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது. பிறவூரில் வாழும் நம்மவர் பலரிடம் இந்த எண்ணத்தை நாங்கள் கண்டதுண்டு.

தந்தையார் காலமான பின், 2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், தென்காசியை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து அன்னையாரை அழைத்து வந்தோம். கொல்லம் - செங்கோட்டை மலைப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாறி 2018இல் மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அவ்வழியே ஓடும் பாலருவி விரைவு வண்டியில்தான் வந்தோம். குகைகளைக் கடந்து வண்டி மேற்கே இறங்கும்போது நல்ல மழை. "நம்ம சாரல்லா கூடவே வருது" என்று அன்னையார் சன்னலுக்கு வெளியே கைநீட்டி மகிழ்ந்தார். உண்மைதான். குற்றாலத்தில் சாரலாகத் தூவும் அதே தென்மேற்குப் பருவமழையே கொச்சியில் கூரையைத் துளைப்பதுபோல் கொட்டுகிறது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மழை விடாமல் பெய்தது. வெயிலில் வற்றல் போட வழியில்லை. திண்ணை இல்லை, பேச ஆளில்லை. மட்டரிசிச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. தேங்காயெண்ணெய் வாடை ஒவ்வவில்லை. மழை நின்றதும் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியது. "எய்யா, இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று கூறி, அன்னையார் சமையலறைப் பக்கம் செல்வதையே நிறுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பின், "ஊருக்கு என்னைக்குப் போறோம்?" என்று ஒரு முறை கேட்பார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லார். அந்த ஒரு கேள்வி எங்களை வாரம் முழுவதும் உறுத்தும்.

மதுரைக் கோட்டத்திற்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தை அப்போதுதான் எழுதினோம். சொந்த விருப்பத்தின்பேரில் வேறு கோட்டத்திற்கு மாறுவோர் அதுகாறும் பெற்ற பணிமூப்பை இழந்து, புதிய இடத்துப் பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் இலாகா விதி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதி எழுத்தரானவர்களுக்கு அந்த மூப்பு எளிதில் விடக்கூடியதன்று. மகளின் பள்ளிப் படிப்பும் இங்கே மலையாளத்தில் வேரூன்றியிருந்தது. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு மேசை அறையில் வைத்தோம்; அலுவலகத்தில் கொடுக்கக் கை வரவில்லை.

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னையாரை வற்புறுத்திச் சந்தைக்கு அழைத்துச் சென்றோம். சேனை, காச்சில் முதலிய கிழங்குக் குவியல்களுக்கிடையே மண் அப்பிய சிறு உருண்டைகள் ஒரு சாக்கில் கிடந்தன. அன்னையார் நின்றுவிட்டார். ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். "எய்யா, இது நம்ம சிறுகிழங்குல்லா!" என்றார். கடைக்காரர் அதனைக் 'கூர்க்க' என்றார். திருநெல்வேலி, தென்காசிச் சீமையில் பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாமல் இலை போடுவதில்லை என்பதை வாசகர் பலர் அறிவர். கடல் பார்த்த ஊரில் தம் பிள்ளைப் பருவத்துக் கிழங்கைக் கண்ட அன்னையார், ஒரு கிலோ வாங்கச் சொன்னார். பின்னர் இரண்டு கிலோவாக்கினார்.

அன்று மாலை துவைகல்லருகே ஒரு காட்சி. சிறுகிழங்கைத் தோல் நீக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கத்தியால் சீவினால் விரலெல்லாம் கறுத்துவிடும். ஊரில் செய்வதுபோல் அன்னையார் கிழங்கை ஒரு பழஞ்சாக்கில் போட்டு, வாயைச் சுருக்கிப் பிடித்துக் கல்லில் மெல்ல அடித்துத் தேய்த்தார். மதிலுக்கு அப்பால் நின்ற கொங்கணிப் பாட்டியார் அதைக் கண்டு நகைத்து, தாமும் அவ்விதமே செய்வது வழக்கம் என்று கைச்சாடை காட்டினார். அவர்கள் வீட்டில் அதன் பெயர் 'கூக்கா' என்றும் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஒருவர் தமிழும் மற்றவர் மலையாளமுமாக ஒரு நாழிகை பேசினர். எங்கள் வீட்டில் வந்து ஆறு மாதத்தில் அன்னையார் அவ்வளவு பேசியது அதுவே முதல் முறை.

நாலைந்து பிடிக் கிழங்கை விதைக்கென்று மணலில் புதைத்து வைத்தார். ஆர்வ மிகுதியால் சித்திரையிலேயே முற்றத்தில் நாற்றங்கால் போட்டு, கிணற்று நீரை இறைத்து ஊற்றினார். துளிர்கள் வந்தன, பத்து நாளில் இலையோரம் கருகி, ஒவ்வொன்றாய் மாய்ந்தன. "ஊரே உப்பு" என்று கூறித் திரும்பவும் மௌனமானார். மீண்டும் மதிலுக்கு அப்பாலிருந்தே வழி பிறந்தது. கடலும் கழியும் சூழ்ந்த இம்மணல் நிலத்தில் கோடையில் நன்னீர் தாழ, உவர்நீர் கிணற்றில் ஏறும் என்றும், அம்மாதங்களில் செடிக்கு அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீருமே ஊற்ற வேண்டும் என்றும் பாட்டியார் கற்பித்தார். குழாயில் நன்னீர் வரும் சில மணி நேரத்தில் பிடித்துச் சேமிக்கும் வீட்டில், ஒரு குவளை நீரும் வீணாகலாகாது என்பது அன்று முதல் எங்கள் இல்லத்துச் சட்டமாயிற்று. பருப்புக்கும் அந்தக் குழாய் நீரே என்று ஏற்பட்டது, பருப்பும் வெந்தது, அன்னையாரும் அடுப்படிக்குத் திரும்பினார்.

எஞ்சிய கிழங்குகளை ஆனி மழையில் மறுபடியும் முளைக்க வைத்தோம். கடைவீதிக் கிடங்கொன்றிலிருந்து சுக்கு மணம் மாறாத பழஞ்சாக்குகள் பத்து வாங்கினோம். மணலும் சாணவுரமும் மட்கிய இலையும் கலந்து நிரப்பி, ஆவணியில் கொடிகளைக் கிள்ளி நட்டோம். ஓரத்தில் தண்டுக்கீரை, நீளப் பயறு, ஒரு கறிவேப்பிலைக் கன்று ஆகியனவும் இடம் பிடித்தன. மிளகுச் சந்தை இருக்கும் ஊரில் மிளகு இல்லாத வீடா என்று, தொட்டியில் வளரும் குற்றுமிளகுச் செடி ஒன்றையும் வாங்கினோம். மிளகுக் கொடி மரம்பற்றி ஏறும். ஆனால் அதன் காய்க்கும் பக்கக்கிளையைப் பதியம் செய்தால் ஏறாமல் புதராகவே நின்று காய்க்கும். முதலாண்டு அது தந்த மிளகு ஒரு பிடி. அதனைத் தட்டிப்போட்டு வைத்த ரசத்தை எங்கள் மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் தமிழ் பேசினாலும் அவளுக்குத் தமிழ் எழுத்து சரிவரத் தெரியாதிருந்தது. பாடநூலைக் காட்டி நாங்கள் கற்பிக்க முயன்றபோதெல்லாம் கொட்டாவி விட்டவள், சாக்குகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும் என்றதும் தானாகவே முன்வந்தாள். மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் எழுதினாள். பின்னர் ஆச்சி சொல்லச்சொல்லச் சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு ஆகியவற்றின் செய்முறைகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். முதற் பக்கங்களில் றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. இருபதாம் பக்கத்திற்குப் பின் பிழை தேடித்தான் பார்க்க வேண்டும். நாநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடுத்த வீட்டார் தம் அடுக்களையில் கொங்கணியே பேசுவதன் இரகசியம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சமையலும் தோட்டமும் இருக்குமிடத்தில் தாய்மொழிக்கு நாள்தோறும் வேலை இருக்கிறது.

2024ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு முன்தினம் சாக்குகளைக் கவிழ்த்தோம். ஏறக்குறைய நான்கு கிலோ கிழங்கு கிடைத்தது. சந்தைக் கணக்கில் இது மிகச் சொற்பம். ஆனால் அன்னையார் அதனை மூன்று பங்காக்கினார். ஒரு பங்கு எங்களுக்கு. ஒரு பங்கு கொங்கணிப் பாட்டியாருக்கு. ஒரு பங்கு எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்திற்கு. பொங்கலன்று மதியம் எங்கள் இலையில் சிறுகிழங்குப் புளிக்குழம்பு இருந்தது. எதிர்வீட்டிலிருந்து சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுத் தேங்காயெண்ணெயில் புரட்டிய கூர்க்க வந்தது. மதிலுக்கு மேலாக, காரம் தூக்கலான கூக்கா ஒரு கிண்ணத்தில் வந்தது. அன்னையார் மூன்றையும் உண்டு, "நம்மளுதுதான் ருசி" என்றார். எனினும் தேங்காயெண்ணெயில் புரட்டியதை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டதை நாங்கள் அனைவரும் கவனித்தோம்.

அவ்வாண்டு சித்திரையில் ஊர்க் கோயில் கொடைக்கு அன்னையாரை அனுப்பி வைத்தோம். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற கலக்கமும் எங்களுக்கு இருந்தது. பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். கொடை எப்படி நடந்தது என்று நாங்கள் கேட்குமுன், "கறிவேப்பிலைக்கு யாருட்டி தண்ணி ஊத்துதா? கிணத்துத் தண்ணிய ஊத்திராதிய" என்று மருமகளை விசாரித்தார். அடுத்த வாரமே வந்து சேர்ந்தார். வந்ததும் முதலில் சென்றது முற்றத்திற்கு.

அன்னையாருக்கு ஊர் மறந்துவிட்டது என்று நாங்கள் எழுதினால் அது பொய்யாகும். நீர் உப்பு என்ற குறை இன்றும் உண்டு. ஆனி மழையில் வற்றல் காயாதபோது தென்காசி வெயிலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். மாற்றல் விண்ணப்பமும் மேசை அறையிலேயே இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் கேள்வி நின்றுவிட்டது. ஊருக்குப் போகும் நாள் வரும்வரை இங்குள்ள நாள்களைக் கடத்திக்கொண்டிருந்த நாங்கள், இப்போது அவற்றை உண்டும் நட்டும் வாழ்ந்து வருகிறோம்.

பிறவூரில் வாழும் அன்பர்கள், தம் ஊர்க் கிழங்கோ கீரையோ அங்கு வேறு பெயரில் விற்கிறதா என்று ஒருமுறை சந்தையில் தேடிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். முற்றம் இல்லாவிடினும் ஒரு சாக்குப் போதும். மட்டாஞ்சேரிப் பக்கம் தை மாதத்தில் வர நேர்ந்தால், அரண்மனையையும் ஆலயத்தையும் கண்டபின் எங்கள் இல்லத்திற்கும் வாருங்கள். கிழங்கு இருக்கும், தோல் உரிக்கும் வேலையும் கொஞ்சம் இருக்கும்.