வாய்விட்டு வாசித்தல்

நாவலில் ஆட்கள் பேசுகிற இடம் வந்தால் நான் வாய்விட்டு வாசிப்பேன். மற்ற பக்கங்கள் மனசுக்குள் ஓடும். இதற்கு ஏற்ற நேரம் விடியற்காலைதான்; எங்கள் பழனி அடிவாரத்துக் குதிரை வண்டிகள் கிளம்புவதற்கு முன். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் புத்தகம் எடுப்பதில்லை. ஊர் முழுக்கக் காவடியும் அரோகராவுமாக இருக்கும்போது எடுக்கவும் தோன்றாது.

இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது பழனிதான். மேற்கே உடுமலை, வடக்கே தாராபுரம் என்று போனால் கொங்குப் பேச்சு. கிழக்கே ஒட்டன்சத்திரம் தாண்டி, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போனால் மதுரைப் பேச்சு. சந்தையில் ஒரே கடை முன்னால் ‘ஏனுங்க’வும் கேட்கும், ‘என்னண்ணே’வும் கேட்கும். இரண்டையும் கேட்டு வளர்ந்த காதுக்கு நாவலின் பேச்சும் அந்தந்த ஊர்க் குரலில் விழ வேண்டும். விழவில்லையென்றால், எழுதியவர் எவ்வளவு பெரியவரானாலும் அந்தப் பக்கம் எனக்கு ஒட்டாது.

கொங்குப் பக்கத்துக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. மெல்லிய புத்தகம், கண்ணால் மட்டும் படித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேச்சை உரக்க வாசித்துப் பாருங்கள். சண்டை மூள்வதற்கு வெகு முன்பே குரல்களில் கசப்பு ஏறியிருப்பது தெரியும். என்னிடம் ஒரே ஒரு நாவலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

வத்தலக்குண்டைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். பி.ஆர். ராஜமையர் அந்த ஊர்க்காரர். 1872இல் பிறந்தவர். 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொரு வயதுதான் இருக்கும். 1898இல் இறந்துவிட்டார். அந்த வயதில் கணவன் மனைவி பேச்சையும் ஊர்ப் பெண்களின் வம்பையும் அவ்வளவு கூர்மையாகக் காதில் வாங்கியிருக்கிறார் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். மாதப் பத்திரிகையில் காத்திருந்து படித்த கதை அது. அதனால் நாளுக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் போகமாட்டேன். வம்பு ஊறி ஊறித்தான் ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறது. அதை அவசரமாகப் படித்தால் அந்த ஊறல் கைக்கு வராது.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நேர் எதிர். ஒரே பிற்பகலில் நடக்கிற கதை, ஒரே உட்காரலில் படிக்க வேண்டியது. அவருக்கும் வத்தலக்குண்டுதான். ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டிலேயே இந்தக் குறுநாவலும் வந்தது. புத்தகங்களைத் தாமே சுமந்துபோய் ஊர் ஊராக விற்ற மனிதர் அவர். தகப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற சல்லிக்கட்டுக் காளையை அணைய வந்த பிச்சி, கூடவே மருதன், பக்கத்தில் விவரம் தெரிந்த கிழவர். இந்த மூன்று பேரும் வாடிவாசல் ஓரத்தில் தணிந்த குரலில் பேசிக்கொள்வதுதான் புத்தகத்தின் உயிர். மாடு வருவதற்கு முன்பே நமக்கு மூச்சு முட்டுகிறது. முழுக்கப் பேச்சாலேயே அதைச் செய்திருக்கிறார்.

ராஜமையரின் நாவலிலும் ஒரு சல்லிக்கட்டு உண்டு. முதலில் அந்த அத்தியாயம், அடுத்து ‘வாடிவாசல்’ என்று நான் சேர்த்தே வாசிப்பேன். ஒரே ஊர் எழுத்துக்காரர்கள், அறுபத்துச் சொச்சம் வருஷ இடைவெளி. இரண்டையும் இப்படி அடுத்தடுத்துப் படிக்காதவர்களுக்குத் தமிழ் நாவல் வந்த தூரம் பாதிதான் தெரியும் என்பேன்.

வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். வர்ணனைக்குக் கோடு போடுவதில்லை, பேச்சுக்கு மட்டும்தான். நூலகப் புத்தகமென்றால் தனிச் சீட்டில் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வேன். நண்பர்களுக்கு இரவல் கொடுக்கும்போது கதை எப்படி என்று கேட்பதில்லை; யார் பேச்சு காதில் நிற்கிறது என்று கேட்பேன்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ‘வாடிவாசல்’ இருந்தால் எடுத்து வாருங்கள். வீட்டில் மதுரைப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் அவரையே முதல் சில பக்கங்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.